முதலாளிக்கு ஓய்வு கூடாது என்னும் வாதம்

சொந்தத் தொழில் நடத்துபவர் அத்தொழில் வேரூன்றும்வரை தம் உறக்கத்தையும் உடல்நலத்தையும் ஒத்திவைத்தே ஆக வேண்டும் என்னும் கருத்து, தமிழகத்தில் மளிகைக் கடை, காய்கறிக் கடை, சிறு பட்டறை நடத்துவோரிடையே கேள்விக்கு அப்பாற்பட்டதாக வழங்கி வருகிறது. அதற்குக் கூறப்படும் காரணங்களைத் தனித்தனியே ஆராய்ந்தால், அவற்றுள் எதுவும் அக்கருத்தைத் தாங்கும் வலிமை உடையதன்று.

கூடுதல் நேரம் உழைத்தால் கூடுதல் வருவாய் கிட்டும் என்பது முதற்காரணம். முதல் உலகப்போர்க் காலப் பிரித்தானியப் போர்த்தளவாட ஆலைகளின் பதிவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் ஜான் பென்காவெல், வாரத்திற்கு ஏறத்தாழ 50 மணி நேரத்தைக் கடந்தபின் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் கிடைத்த உற்பத்தி குறைந்துகொண்டே போனதை 2014இல் எடுத்துக்காட்டினார். கடையில் அமர்ந்திருப்பது ஆலை வேலை அன்று என மறுக்கலாம். அது நியாயமான மறுப்பே. ஆயினும் கடைக்காரரின் பணியில் பெருமதிப்பு உடையவை எதை எவ்வளவு கொள்முதல் செய்வது, யாருக்குக் கடன் தருவது என்னும் முடிவுகளே. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், குருதியில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு இறங்குகிறது என ஆய்வுகள் கண்டுள்ளன. மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு விதித்துள்ள வரம்போ 0.03 விழுக்காடுதான். கோயம்பேட்டில் சரக்கு எடுக்க விடியற்காலை 4 மணிக்கு எழுந்தவர், இரவு 9 மணிக்குக் கல்லாக் கணக்கை முடிக்க அமரும்போது அந்நிலையில்தான் இருக்கிறார்.

ஒரு நாள் கடையடைத்தால் வாடிக்கை கைமாறிவிடும் என்பது அடுத்த காரணம். தமிழகத்துச் சலூன்கள் பல, நெடுங்காலமாகச் செவ்வாய்க்கிழமை திறப்பதில்லை. அதற்கு மரபு நம்பிக்கையும் காரணம் எனினும், ஒரே தொழிலினர் ஒரே நாளில் அடைத்தால் எவருக்கும் இழப்பில்லை என்பதும், அறிந்த விடுமுறைக்கு வாடிக்கையாளர் பழகிக்கொள்வர் என்பதும் அதனால் தெளிவாகின்றன. தனியொருவர் அடைப்பதில் சிறிது இழப்பு நேரலாம். அதனாலேயே இது வணிகர் சங்கங்கள் கூடி முடிவெடுக்க வேண்டிய செய்தியாகும்.

உடலைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்னும் மூன்றாம் காரணமே மிகுந்த கேடு விளைப்பது. வாரத்திற்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத இடர் 35 விழுக்காடு மிகுதி என உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே முதிர்பவை ஆதலால், நோய் தெரிந்தபின் கவனிப்பது என்பது காலங்கடந்த கவனிப்பாகவே முடிகிறது. இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த தொழிலாளி நோயுற்றால், ஆண்டுக்கு 91 நாள்வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெறத் தகுதி உடையவர். அவருக்காகத் தம் பங்குத் தொகையைச் செலுத்தும் முதலாளிக்கோ அத்திட்டத்தில் இடமில்லை. பட்டறை இயந்திரத்திற்குக்கூட, நாள்பட மதிப்புக் குறைவதைக் கணக்கில் கழிக்கும் தேய்மானம் என்னும் முறை உண்டு. அவ்வியந்திரத்தை இயக்கும் உரிமையாளரின் உடலுக்கு எந்தப் பேரேட்டிலும் அத்தகைய பதிவு இல்லை என்பது வருந்தத்தக்க குறையாகும்.

கடன் தவணை நெருக்கும் நிலையில் ஓய்வு கட்டுப்படியாகாது என்னும் எதிர்வாதத்தில் உண்மை உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட இயலாது. எனினும் வாரத்தில் அரை நாள் கல்லாவில் அமரும் மாற்றாளின் கூலியையும், ஆண்டுக்கொரு முறை செய்துகொள்ளும் மருத்துவப் பரிசோதனையின் செலவையும், வாடகையையும் மின்கட்டணத்தையும் போலவே விலை நிர்ணயத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அவற்றைச் சேர்த்தால் இலாபம் மிஞ்சவில்லை எனில், அத்தொழில் தன் செலவின் ஒரு பகுதியை உரிமையாளரின் உடலிலிருந்தே இதுவரை வசூலித்து வந்திருக்கிறது என்பது பொருள். அந்நிலையில் திருத்தப்பட வேண்டியவை விலையும் கொள்முதலுமே ஆகும்.