பொத்தான் யார் கையில்?

துருத்தி வைத்த பெரிய ஃபிலிம் கேமராவும் கம்பியில்லா ரிமோட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை என்றே முதலில் நமக்குத் தோன்றியது. ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் வடிவத்தை இன்னமும் விடாதது. மற்றது வாசலில் நின்றபடியே காரைப் பூட்டித் திறக்கும் காலத்தின் கைப்பொருள். இவ்விரண்டையும் ஒருசேரச் சுமந்துகொண்டு சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். எண்பதைக் கடந்த நம் அம்மாவைப் படமெடுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அன்று நடந்த ஒரு சிறு நிகழ்ச்சிதான் இக்கட்டுரைக்குக் காரணம். அதைச் சொல்லுமுன் அக்கருவியின் இயல்பைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது.

நண்பருடையது 4×5 அங்குல ஃபிலிம் தாளில் படம் பிடிக்கும் கேமரா. ஒரு படத்துக்கு ஒரு தாள். முன்புறம் லென்ஸ், பின்புறம் ஒருபக்கம் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி, இரண்டுக்கும் நடுவே துருத்தி. படமெடுப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, அக்கண்ணாடியில் தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழும் பிம்பத்தைப் பார்த்துத் தெளிவைச் சரிசெய்கிறார். பிறகு ஷட்டரை மூடி, துளையின் அளவையும் ஷட்டரின் வேகத்தையும் அமைத்து, ஷட்டரின் விசையை ஏற்றி வைத்து, ஃபிலிம் ஹோல்டரைச் செருகி, அதன் மூடுதகட்டை உருவுகிறார். இனி அழுத்துவது ஒன்றே மிச்சம்.

இவ்விடத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஃபிலிம் ஹோல்டர் உள்ளே சென்ற பிறகு அக்கேமராவின் வழியாக எதையும் பார்க்க இயலாது. சிறிய கேமராவில் கண் ஏறக்குறையக் கடைசிவரை காட்சியைத் தொடர்ந்து செல்கிறது. பெரிய கேமராவிலோ கண்ணின் வேலை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதன்பின் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கக் காரணம் ஏதுமில்லை. எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். எங்கே நிற்பது என்பது வசதியைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருப்பதில்லை. எதிரே அமர்ந்திருப்பவரோடு நமக்குள்ள உறவைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

கேமராவை விட்டு விலகி நிற்கும் ஆசை புகைப்படக் கலையின் அளவுக்கே பழையது. 1839ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் ராபர்ட் கொர்னேலியஸ் தன்னைத் தானே படமெடுத்துக்கொண்டார். லென்ஸின் மூடியைக் கழற்றிவிட்டு ஓடிப்போய் எதிரே நின்று, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் அசையாதிருந்து, மறுபடி ஓடிவந்து மூடினார். அவருடைய கால்களே முதல் ரிமோட் எனலாம். பின்னர் காற்று வந்தது. ரப்பர் குமிழைக் கையில் பிசைந்தால் நீண்ட குழாய் வழியே காற்று சென்று ஷட்டரைத் திறக்கும், பிடித்திருக்கும்வரை திறந்திருக்கும். இன்றைய கேமராக்களிலும் காணப்படும் ‘பி’ என்ற குறி அந்தக் குமிழின் ஆங்கிலப் பெயரிலிருந்து எஞ்சியது. 1906இல் நிலநடுக்கமும் தீயும் அழித்த சான்பிரான்சிஸ்கோவை ஜார்ஜ் லாரன்ஸ் பட்டங்களின் வரிசையில் ஏறத்தாழ 2,000 அடி உயரத்துக்குத் தூக்கிய பெரிய கேமராவால் படமெடுத்தார். பட்டக்கயிற்றோடு சென்ற மின்கம்பியே ஷட்டரை இயக்கியது. படம் பதிவானதும் ஒரு சிறிய பாராசூட் விடுபட்டுக் கீழிருப்பவர்களுக்குச் செய்தி சொன்னது. தொலைவில் நிற்பவனுக்கு ‘ஆயிற்று’ என்ற அடையாளம் தேவைப்படுகிறது என்பதை லாரன்ஸ் அறிந்திருந்தார். எதிரே இருப்பவருக்கும் அது தேவைப்படும் என்பதை நாம் நம் அம்மாவிடமிருந்து அறிந்துகொண்டோம்.

நண்பரின் ரிமோட் வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. அவருடைய லென்ஸில் உள்ள ஷட்டர் வெறும் வில்லும் பற்சக்கரமும் கொண்டது, மின்சாரம் அறியாதது. கேபிள் ரிலீஸ் எனப்படும் நெகிழ்கம்பியைத் திருகுவதற்கு ஒரு துளை மட்டுமே அதிலுண்டு. ஆகவே ரிமோட்டின் சைகையை வாங்கிக்கொள்ளும் பெட்டியோடு ஒரு சிறு மோட்டாரைப் பொருத்தி, அந்த மோட்டார் கேபிள் ரிலீஸின் தலையைத் தள்ளுமாறு செய்திருக்கிறார். கம்பியில்லாச் சைகை கடைசியில் ஒரு கம்பியைத்தான் தள்ளுகிறது!

இதனால் உழைப்பு குறைவதாகவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அவர் கேமராவிடம் திரும்பி வந்தே ஆகவேண்டும்: மூடுதகட்டைச் செருக, ஹோல்டரை மாற்ற, விசையை மறுபடி ஏற்ற. கேமரா அதிராதிருக்க இது உதவுகிறது என்பார்கள். அதற்குச் சாதாரண கேபிள் ரிலீஸே போதும். அப்படியானால் ரிமோட் புதிதாகத் தருவது என்ன? இரண்டு. ஒன்று தொலைவு. மற்றது மறைவு. தொலைவைக் காற்றுக்குழாயும் தந்தது. ஆனால் குமிழைப் பிடித்திருந்த கையை எல்லோரும் பார்த்தார்கள். சட்டைப்பையில் கிடக்கும் ரிமோட்டை யாரும் பார்ப்பதில்லை.

அன்று அம்மாவைச் சன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்தார் நண்பர். கால் மணி நேரம் துணிக்குள் இருந்துவிட்டு வெளியே வந்து, ஹோல்டரைச் செருகி, அறையின் மறுகோடியில் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார். அம்மாவின் பிறந்த ஊரைப் பற்றியும் அங்கிருந்த குளத்தைப் பற்றியும் கேட்கலானார். அம்மாவும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து, “எப்ப தம்பி எடுக்கப் போறீங்க?” என்றார்.

“எடுத்தாச்சும்மா.”

அம்மாவின் முகம் மாறிவிட்டது. “எடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்தக் காலத்துல மூடியைக் கழட்டும்போது அசையாதீங்கன்னு சொல்லிட்டு எண்ணுவாங்களே” என்றார்.

கோபம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் பறிகொடுத்தவரின் குரல் அது. அம்மா குறிப்பிட்டது திருமணத்தின்போது ஸ்டுடியோவில் மரக் கேமராவின் முன் அப்பாவோடு நின்ற நாளை. அன்றைய ஸ்டுடியோக்காரர் ஆணையிட்டார். மோவாயைப் பிடித்துத் திருப்பினார். ‘சிரிக்காதீங்க’ என்று அதட்டவும் செய்தார். ஆயினும் அவர் எண்ணத் தொடங்கியபோது, அசையாதிருப்பது அம்மாவின் பங்காக இருந்தது. அந்தச் சில நொடிகளில் படம் இருவர் சேர்ந்து செய்யும் காரியமாக ஆயிற்று.

இந்த வேற்றுமையை ஒரே கலைஞரின் வாழ்வில் காணலாம். வாக்கர் எவன்ஸ் 1936இல் அலபாமாவின் ஏழை உழவர் குடும்பங்களை 8×10 அங்குலக் கேமராவால் எடுத்தார். பலகைச் சுவரின் முன் நின்று நேராக நோக்கும் ஆலி மே பரோஸின் முகம் அவற்றுள் புகழ்பெற்றது. அப்பெண்மணிக்குத் தாம் பார்க்கப்படுவது தெரியும். இரண்டே ஆண்டுகள் கழித்து அதே எவன்ஸ், சிறிய கேமரா ஒன்றை மேலங்கிக்குள் ஒளித்து, கேபிள் ரிலீஸைச் சட்டைக்கைக்குள் ஓட்டி, நியூயார்க் சுரங்க ரயிலில் எதிரே அமர்ந்தவர்களை அவர்கள் அறியாமல் எடுத்தார். 1941 வரை அது தொடர்ந்தது. அம்முகங்களின் தனிமையை வேறெங்கும் காண்பது அரிது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் அவை நூலாக வெளிவர 1966 வரை காலம் பிடித்தது. ஒளிந்து பெற்றதை வெளியில் வைக்கும்போது ஏற்படும் தயக்கம் அக்கால இடைவெளியில் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் அகப்பாடல்களின் ஒரு துறை நினைவுக்கு வராமல் போகாது. தலைவன் சிறைப்புறத்தானாகத் தோழி சொல்லியது என்று உரைகாரர் குறிப்பர். தலைவன் வேலிக்கு அப்பால் மறைந்து நிற்கிறான். தோழி தலைவியிடம் பேசுவதுபோலப் பேசுகிறாள். அவன் மறைந்து நிற்பதால் அக்கூற்றுக்கு இழுக்கு நேர்வதில்லை. ஏன்? அவன் அங்கே நிற்பது தோழிக்குத் தெரியும். அவன் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே அவள் பேசுகிறாள். கூற்று யாருடையது, கேட்போர் யார் என்ற இரண்டையும் தொல்காப்பியம் செய்யுளின் உறுப்புகளாகவே வைத்திருக்கிறது. புகைப்படத்துக்கும் இவ்வுறுப்புகள் உண்டு. பேசுபவருக்கே தெரியாமல் கேட்கப்படும் பேச்சு கூற்று ஆகாது; அது ஒட்டுக்கேட்பு.

அம்மாவின் சொல்லால் நண்பர் சங்கடப்பட்டுப் போனார். இரண்டாவது தாளை ஏற்றிவிட்டு, ரிமோட்டை அம்மாவிடமே நீட்டினார். “நானா அமுக்கறது?” என்று கேட்டு வாங்கிக்கொண்ட அம்மா உடனே அழுத்திவிடவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டார். முந்தானையைச் சரிசெய்தார். பிறகு வெகுநேரம் லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். நாமும் நண்பரும் மூச்சைப் பிடித்து நின்றோம். எப்போது அழுத்தினார் என்பது இம்முறை நம் இருவருக்குமே தெரியவில்லை.

பத்து நாள் கழித்து நண்பர் இரண்டு படங்களையும் பிரதியெடுத்து வந்தார். முதல் படத்தில் அம்மா பக்கவாட்டில் திரும்பி, ஏதோ சொல்ல வாயெடுக்கும் புன்னகையோடு இருக்கிறார். அழகான படம். இரண்டாவதில் உதடுகள் இறுகி, பார்வை நேராக, வலக்கை முந்தானைக்குள் மறைந்து இருக்கிறது. முதல் படமே படம் என்பது நண்பரின் தீர்ப்பு. தெரிந்துவிட்டால் முகம் இறுகிவிடும். அறியாத கணத்தில்தான் மனிதர் தாமாக இருக்கிறார் என்பது அவர் வாதம். அம்மா முதல் படத்தைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. யாரையோ பாக்கற மாதிரி இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது இப்போது அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கிறது.

நண்பரின் வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட விரும்பவில்லை. ஆனால் இயல்பு என்பது அறியாமையில் மட்டும்தான் இருக்கிறதா? எண்பது ஆண்டு வாழ்ந்த ஒருவர் உலகுக்குத் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறார் என்பதும் அவருடைய இயல்பு அல்லவா? இறுகிய உதடுகளைப் பொய் என்று நாம் எந்த உரிமையில் சொல்வது?

பொத்தானைக் கைமாற்றிவிட்டால் எல்லாம் சமமாகிவிடும் என்றும் நாம் சொல்ல வரவில்லை. ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்கின் உழைப்பாளிகளை எடுத்தபோது, 8×10 கேமராவுக்குப் பின்னால் நில்லாமல் அதன் பக்கத்தில், எதிரே நிற்பவரை முகத்துக்கு முகம் பார்த்து நின்றார். ஒளியவில்லை. ஆயினும் பின்புலத்து வெள்ளைத்தாளும் தேர்வும் அவருடையவை. நம் அம்மாவின் படத்திலும் சட்டகமும் ஒளியும் நண்பருடையவையே. அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு கணம் மட்டும். ஆனால் புகைப்படம் என்பதே ஒரு கணம்தானே?

தானே படமெடுப்பவராகவும் படத்தில் இருப்பவராகவும் இருப்போரிடம் இந்நேர்மை வேறு விதமாக வெளிப்படுகிறது. பின்லாந்தின் எலினா புரோதெருஸ், குழந்தைப்பேற்றுக்கான சிகிச்சை தோற்றுக்கொண்டிருந்த ஆண்டுகளில் தன்னைத் தானே எடுத்த படங்களில், ஷட்டர் கம்பியை மறைக்காமல் விட்டிருக்கிறார். அழுத்தியது தாமே என்பதை அக்கம்பி சொல்லிவிடுகிறது. கம்பியில்லா ரிமோட் எவ்வளவோ வசதியானது. ஆனால் அதனால் இந்தச் சாட்சியத்தைத் தர இயலாது.

காட்டு விலங்குகளிடம் சம்மதம் கேட்க முடியாது. மலைகளும் கோபுரங்களும் எண்ணிக்கை சொல்லும்படி கேட்பதில்லை. அங்கெல்லாம் ரிமோட் தாராளமாகப் பயன்படட்டும். மனித முகத்தின் முன்னால் மட்டும் அது சட்டைப்பையை விட்டு வெளியே வரவேண்டும் என்கிறோம். கையில் தெரியும்படி பிடிக்கலாம். அழுத்துமுன் ஒரு வார்த்தை சொல்லலாம். இயலுமானால் ஒரே ஒரு தாளையாவது எதிரே இருப்பவரின் விரலுக்கு விட்டுக்கொடுக்கலாம். தாளின் விலை அதிகம்தான். நண்பர் இப்போதெல்லாம் யாரைப் படமெடுத்தாலும் கடைசித் தாளை அவர்களுக்கென்று ஒதுக்கிவிடுகிறாராம். அவற்றுள் பெரும்பாலானவை நல்ல படங்கள் அல்ல என்று இன்னமும் வாதிடுகிறார். ஆனால் ஒதுக்குவதை நிறுத்தவில்லை.