கொற்கைக்கு ஒருநாட் செலவு

உரோமாபுரியின் சரித்திரத்தைப் பரீட்சைக்கெனப் படிக்கும் நம் மாணவர் பலர். அவ்வுரோமாபுரி வணிகர் அறிந்திருந்த கொற்கையை நேரிற் கண்டார் எத்துணையர்? மிகச் சிலரே என அஞ்சுகின்றோம். பாளையங்கோட்டையினின்று காலையிற் புறப்பட்டு மாலையில் மீளத்தக்க ஊரை அறியாதிருத்தல் கல்விக்கு அழகன்று.

இச்செலவுக்கு மார்கழியே தக்க காலம். பொருநைச் சமவெளியின் வெயில் அப்பொழுதுதான் நின்று ஆராய இடந்தரும். ஒரு போர்வையும் கட்டுச்சோறும் கொண்டு, ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியாகச் செல்லலாம்.

‘அங்குக் காண்பதற்கு யாதுளது?’ என்பார் உளர். மதிலும் மண்டபமும் இல்லை என்பது மெய்யே. வயலும் வாழையும் குளமும் முதிய வன்னிமரமுமே கண்ணிற் படும். ஆறு கொணர்ந்த வண்டலால் கடலும் கிழக்கே பல கல் தொலைவு விலகிற்று. துறைமுகம் காயலுக்குப் பெயர்ந்தது; காயலும் தூர்ந்தபின் தூத்துக்குடி ஓங்கிற்று. ஓர் ஆறே ஒரு நகரை வளர்த்து, அதனையே கடலினின்று பிரித்த வரலாற்றை எப்புத்தகம் இவ்வளவு தெளிவாகக் காட்டும்?

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் நூல், பாண்டி நாட்டுக் கொற்கையில் முத்துக் குளித்தவர் தண்டனை பெற்ற கைதிகள் என்கின்றது. அந்நூற்றாண்டினரான பிளினி, கீழ்நாட்டுப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் நாணயம் வெளியேறுகின்றதென வருந்தினார். முத்தணிந்தாரைச் சரித்திரம் போற்றுகின்றது. அதற்காக மூழ்கினார் ஒருவர் பெயரையும் அது வைத்திலது. அக்கரையில் நிற்கும் மாணவன் இதனை எண்ணுவானாயின், அப்பயணம் வீணாகாது.

அத்தியட்சர் கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் தாம் ஆராய்ந்தவற்றை 1877-இல் வெளியிட்டார். 1968-69-இல் தமிழகத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்தன; அங்கெடுத்த கரியின் சோதனை கி.மு. 785 என்னும் காலத்தைக் காட்டிற்று.

கண்ணெதிரே நிற்கும் கோயிலைக் காக்கப் பலர் உளர். மண்ணுள் மறைந்த நகரைக் காப்பதோ அதனை அறிந்தாரின் கடனாகும். ஆதலின் செல்வார் ஓர் ஓட்டையும் நினைவுப்பொருளென எடுத்து வாராதிருப்பாராக. கிடந்த இடம் நீங்கிய ஓடு பேச்சிழந்த சாட்சி.

ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் ஒருநாளை இச்செலவுக்கென ஒதுக்குமாறு கல்லூரித் தலைவரையும் சரித்திர ஆசிரியரையும் வேண்டுகின்றோம். உரோமாபுரியைக் காணும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. கொற்கை யாவர்க்கும் வாய்க்கும்.