வெந்தயம் வந்த வழி

அரசு மருத்துவமனை ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கல்யாண விருந்து சாப்பிட்டு வாந்தி, பேதி என்று கூட்டமாக வருபவர்களுக்கு சலைன் ஏற்றி மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மல மாதிரி எங்கள் மேசைக்கு வருவது அபூர்வம். வந்தாலும் ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகுதான் வரும், கிருமி வளராது. அதற்குள் மண்டபத்தில் அண்டாவையும் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

தடயத்தைத் தொலைக்காமல் தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2011 மே மாதம் வட ஜெர்மனியில் ரத்தபேதியும் சிறுநீரகச் செயலிழப்பும் பரவின. ஈ.கோலை ஓ104:எச்4 என்ற கிருமி. 3,800 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 50 பேருக்கு மேல் இறந்தார்கள். ஹாம்பர்க் அதிகாரிகள் அவசரப்பட்டு ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் குற்றம் சொல்ல, அந்நாட்டு விவசாயிகள் விளைந்த காயைக் குப்பையில் கொட்டினார்கள். வெள்ளரியில் இருந்ததோ வேறு ரகக் கிருமி.

உண்மை எப்படி வெளிவந்தது என்பதுதான் முக்கியம். சாலட்டில் தூவிய முளைகட்டிய பயறைச் சாப்பிட்டதே பலருக்கு நினைவில்லை. ஜெர்மனியின் பொதுச் சுகாதார அமைப்பான ராபர்ட் கோக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உணவகத்துக்கே போனார்கள். யார் எதைச் சாப்பிட்டார் என்று பில்லில் பார்த்து, அதில் என்னென்ன போட்டீர்கள் என்று சமையல்காரரைக் கேட்டார்கள். முளைப்பயறு சிக்கியது. ஜூனில் பிரான்சின் போர்டோ அருகே அதே ரகம் தலைகாட்டியதும், இரு நாட்டிலும் முளைகட்டப் பயன்பட்ட விதைகள் வந்த வழியை ஒப்பிட்டார்கள். 2009 கடைசியில் எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தயம் இரண்டுக்கும் பொதுவாக நின்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஜூலை 5 அன்று அதையே சுட்டியது. இத்தனைக்கும், சோதித்த விதைகளில் கிருமி அகப்படவே இல்லை. காட்டிக்கொடுத்தவை பில்லும் லாட் எண்ணும்தான்.

நம் மளிகைக் கடையில் மூட்டையைப் பிரித்ததும் லாட் எண் உள்ள சீட்டு குப்பைக்குப் போகிறது. நாடுகள் உணவு எச்சரிக்கைகளைப் பகிர்ந்துகொள்ள, உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் நடத்தும் இன்ஃபோசான் என்ற வலையமைப்பு 2004 முதல் இருக்கிறது. கீழேயிருந்து தகவல் போனால்தானே அங்கே சேரும்?

கூட்டமாகப் பேதி கண்டால், ஆன்டிபயாடிக்குக்கு முன் மாதிரி எடுப்பதை அரசு கண்டிப்பாக்க வேண்டும். கடைக்காரர்கள் மூட்டைச் சீட்டைச் சரக்கு தீர்ந்த பிறகும் சில மாதங்கள் வைத்திருக்க வேண்டும். மருத்துவர்களே, என்ன சாப்பிட்டார்கள், எங்கே வாங்கினார்கள் என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.