எறியாது வைத்தவர்கள்

ஆடிப்பெருக்கன்று பழைய ஏட்டுச் சுவடிகளை ஆற்றில் விடும் வழக்கம் தமிழ்நாட்டில் ஒருகாலத்தில் இருந்தது. செல்லரித்த ஏட்டை வீட்டில் வைத்திருத்தல் ஆகாதென்று எண்ணிய நல்லவர்களே அதனைச் செய்தனர். அவ்வாறு வெள்ளத்தோடு போன நூல்கள் எத்தனையென்று எவரும் அறியார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றினார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். இப்பெரியோர் ஏடு தேடி உழைத்த வரலாற்றை நம் மாணவர்கள் பாடநூல்களிற் படிக்கின்றனர். ஆனால், அவர்கள் தேடியபோது கொடுப்பதற்கு ஓர் ஏடு எஞ்சியிருந்ததே, அதற்குக் காரணமானவர் யார்? பெயர் தெரியாத யாரோ ஒருவர், இதனாற் பயன் என்ன என்று பிறர் கேட்டும், அதனைப் பரணிலிருந்து எடுத்து எறியாது வைத்திருந்தார். அத்தகையவரைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணினேன். இக்காலத்து ஏடுகளோ பனையோலைகள் அல்ல. படச்சுருள்களும் நாடாக்களும் ஆகும்.

இவற்றுள்ளும் விஞ்ஞானக் கற்பனைப் படங்களின் கதை தனிச் சுவையுடையது. சந்திரனுக்குச் செல்லுதல், வேற்றுக் கிரகத்தார் வருகை, இயந்திர மனிதன் என்பனவெல்லாம் சிறுவர்க்குரிய வேடிக்கை என்று பெரியோர் பலர் புன்னகையோடு ஒதுக்கியவை. ஆதலின் அவற்றைப் பேணும் பொறுப்பு பெரும்பாலும் அவற்றை நேசித்தவர்களின் தலையிலேயே விழுந்தது.

இவ்வகைப் படங்களுக்கு மூதாதை என்று சொல்லத்தக்கது, பிரான்ஸ் தேசத்து ஜோர்ஜ் மெலியே 1902 ஆம் ஆண்டில் எடுத்த சந்திர யாத்திரைப் படம். சந்திரனின் முகத்தில், கண்ணிலே போய்க் குத்தி நிற்கும் விண்கலத்தின் சித்திரத்தைக் காணாத மாணவர் சிலரே இருப்பர். மெலியே ஐந்நூறுக்கு மேற்பட்ட சிறு படங்களை ஆக்கியவர். பிற்காலத்தில் வறுமையும் மனக்கசப்பும் மிகுந்து, 1923 ஆம் ஆண்டில் தம் படங்களின் மூலச் சுருள்களைத் தாமே தீயிலிட்டார். அவருடைய படங்களுள் இன்று நாம் காண்பன, அவர் கையை விட்டுப் பிறர் கைக்குப் போயிருந்த பிரதிகளால் வாழ்வன. சந்திர யாத்திரையின் சில பிரதிகளுக்குக் கையினால் வண்ணந் தீட்டியிருந்தனர். அவை முற்றாக அழிந்தன என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1993 ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனாவில் ஒரு வண்ணப் பிரதி வெளிப்பட்டது. அச்சுருள் கல்லைப்போல இறுகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. மெல்ல மெல்லப் பிரித்து, ஒவ்வொரு படமாகச் செப்பனிட்டு, 2011 ஆம் ஆண்டிற் கான் திரைப்பட விழாவிலே திரையிட்டனர்.

அடுத்து, ஜேர்மனியில் பிரிட்ஸ் லாங் இயக்கிய ‘மெட்ரோபொலிஸ்’. 1927 ஜனவரியிற் பெர்லின் நகரில் முதன்முறை காட்டப்பட்ட இப்படம், நீளம் மிகுதியென்று வணிகர் கருதியதால் சில மாதங்களுள்ளே ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வெட்டப்பட்டது. வெட்டிய பகுதி மறைந்தே போயிற்று என்று உலகம் துக்கம் விசாரித்து முடித்தது. ஆனால், வெட்டப்படாத பிரதியொன்று முன்னரே கப்பலேறி ஆர்ஜென்டீனா சென்றிருந்தது. அங்கே திரைப்பட விமர்சகர் ஒருவர் அதனைத் தமக்கென வாங்கி வைத்துக்கொண்டார். பின்னர் அதிலிருந்து 16 மில்லிமீற்றர் அளவிற் சிறு பிரதியொன்று எடுக்கப்பட்டது. மூலப் பிரதியின் கீறல்கள் எல்லாம் அச்சிறு பிரதியிலும் அப்படியே படிந்தன.

அது கண்டறியப்பட்ட விதமே ஒரு கதை. முன்னொரு நாள் திரைப்படக் கழகமொன்றில் அப்படத்தைக் காட்டியவர், சுருள் தளர்ந்திருந்தமையால் இரண்டு மணி நேரத்திற்கு மேலாகத் தம் விரலாலே அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க நேர்ந்தது என்று நண்பர்களிடம் குறைபட்டுக்கொண்டார். அதனைச் செவிமடுத்த ஆர்வலர் ஒருவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. வெட்டப்பட்ட மெட்ரோபொலிஸ் அவ்வளவு நேரம் ஓடாதே! அந்த ஒரு வினாவைப் பல ஆண்டுகள் அவர் மனத்திலிருந்து இறக்கி வைக்கவில்லை. ஈற்றில் 2008 ஆம் ஆண்டிற் புவனஸ் அயர்ஸ் திரைப்பட அருங்காட்சியகத்திற் பெட்டியைத் திறந்து பார்த்தனர். ஏறக்குறைய 25 நிமிடக் காட்சிகள் மீண்டன. 2010 பெப்ரவரியில், எண்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், பெர்லின் நகரம் அப்படத்தை ஏறக்குறைய முழுமையாகக் கண்டது.

மேற்சொன்னவை சேகரித்தோரின் வரலாறு. இனி, முழுக்க முழுக்க இரசிகர்களாலே காக்கப்பட்ட ஒன்றைச் சொல்கின்றேன். 1963 நவம்பர் 23 ஆம் நாள் இங்கிலாந்தின் பி.பி.ஸி. தொலைக்காட்சியில் ‘டாக்டர் ஹூ’ என்னும் தொடர் ஆரம்பமாயிற்று. காலத்தினூடே பயணஞ் செய்யும் ஒருவரின் கதை அது. முதல் ஆறாண்டுகளில் 253 அங்கங்கள் ஒளிபரப்பாயின. அக்காலத்தில் வீடியோ நாடா விலையுயர்ந்த பண்டம். ஒன்றை அழித்து அதன்மேலே மற்றொன்றைப் பதியலாம். ஒளிபரப்பி முடிந்ததை மறுபடி யார் பார்க்கப் போகின்றார்கள் என்ற எண்ணத்தில், 1967 முதல் 1978 வரை, அத்தொடரின் நாடாக்களை அழித்தும் படச்சுருட் பிரதிகளைக் கழித்தும் விட்டனர். நூற்றுக்கு மேற்பட்ட அங்கங்கள் நிலையத்தில் இல்லாமற் போயின.

ஆயினும் வீடுகளில் வேறொன்று நிகழ்ந்திருந்தது. அந்நாளிற் படத்தைப் பதியும் கருவி வீடுகளில் இல்லை. ஒலியைப் பதியும் கருவி சில வீடுகளில் இருந்தது. சிறுவரும் இளைஞரும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே ஒலிவாங்கியை வைத்து, வாரந்தோறும் தொடரின் ஒலியை மட்டும் நாடாவிற் பதிந்து வைத்தனர். அறையின் சலசலப்பும் சேர்ந்து பதிவாகும் எளிய முறை அது. பல்லாண்டுகள் கழித்து அந்நாடாக்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. காணாமற்போன அங்கங்களுள் ஒன்றின் ஒலியேனும் அழிந்திருக்கவில்லை! பலருடைய நாடாக்களையும் ஒப்புநோக்கித் தெளிவான பகுதிகளைத் தேர்ந்து, முழு ஒலியையும் அமைத்தனர். பல ஏடுகளை ஒப்பிட்டு நல்ல பாடங்கொள்ளும் பதிப்பாசிரியர் பணியும் இதுவும் ஒன்றே அன்றோ? அவ்வொலிக்குப் பொருத்தமாகச் சித்திரங்கள் வரைந்து, 2016 ஆம் ஆண்டில் ஒரு முழுக் கதையையே உயிர்ப்பித்தனர்.

மற்றொரு வேடிக்கையையும் கேளுங்கள். அவுஸ்திரேலியாவில் அத்தொடரைக் காட்டுமுன், சிறுவர்க்கு அச்சந்தரும் என்று தணிக்கையாளர் சில காட்சிகளை வெட்டினர். படச்சுருள்கள் அழிந்தன, வெட்டிய துண்டுகளோ அரசாங்க ஆவணக் காப்பகத்திற் பத்திரமாக இருந்தன. 1996 ஆம் ஆண்டில் அந்நாட்டு இரசிகர்கள் அவற்றைத் தேடிப் பிடித்தனர். ஆகாதென்று நீக்கிய காட்சிகளே எஞ்சிய காட்சிகளாயின. 2013 ஆம் ஆண்டில், நைஜீரியாவின் ஜொஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையமொன்றின் களஞ்சிய அறையிலிருந்து ஒன்பது அங்கங்கள் மீண்ட செய்தி வெளியாயிற்று.

‘கற்பனைக் கதைதானே, போனாற் போகட்டும்’ என்று சொல்வாரும் உளர். மெய்யான சந்திர யாத்திரைக்கும் இதே கதி நேர்ந்தது என்பதை அவர்கள் அறிதல் நன்று. 1969 யூலையில் அப்பலோ 11 வீரர்கள் சந்திரனில் நடந்த காட்சியின் மூலப் பதிவு நாடாக்கள் அழிக்கப்பட்டு வேறு பணிக்குப் பயன்படுத்தப்பட்டன என்று நாசா நிறுவனம் 2009 ஆம் ஆண்டிற் கூறியது. எஞ்சிய ஒளிபரப்புப் பிரதிகளைக் கொண்டே காட்சிகளைச் செப்பனிட வேண்டியதாயிற்று. மனித குலத்தின் மாபெரும் அடிவைப்பையே மறதி விழுங்கப் பார்த்ததெனின், நம் சிறு பொருள்களுக்கு யார் காவல்?

இனி நம் பக்கம் வருவோம். டாக்டர் ஹூ தோன்றிய அதே 1963 ஆம் ஆண்டிலே தமிழிலும் ஒரு வேற்றுக்கிரகப் படம் வந்தது. ஏ. காசிலிங்கம் இயக்கி, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’ அது. விஞ்ஞானத்தில் மேம்பட்டும் கலையறியாத ஒரு கிரகத்தார், பூமியிலிருந்து பாடகி ஒருத்தியைக் கவர்ந்து செல்லுகின்றனர். இப்படம் இன்றும் காணக் கிடைக்கின்றது. ஆனால், தமிழின் முதற் பேசும்படமெனப்படும் 1931 ஆம் ஆண்டின் ‘காளிதாஸ்’ அழிந்துபோயிற்று. அதே 1963 ஆம் ஆண்டில், மலையகத் தோட்ட வாழ்க்கையைக் கருவாகக் கொண்டு இலங்கையிலே உருவான ‘தோட்டக்காரி’ திரைக்கு வந்தது. நம் பாட்டன் பாட்டியரின் உலகைத் திரையில் ஏற்றிய அத்தகைய ஆக்கங்களை நம்முள் எத்தனை பேர் கண்டிருக்கின்றோம்? 1983 யூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது, இந்நாட்டுப் படச்சுருள்கள் பலவும் சாம்பலாயின.

எனினும், நம்மிடையேயும் எறியாது வைத்தவர் இருந்தனர். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையுங்கூடச் சேர்த்தார். அச்சேகரம் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றது. ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் தமிழ்ப்படங்களின் விவரங்களைத் தம் வாழ்நாளெல்லாம் திரட்டினார். இலங்கைத் தமிழ்ப் படங்களின் வரலாற்றைத் தம்பிஐயா தேவதாஸ் நூலாக எழுதி வைத்தார். நம் தோட்டத்து மக்கள் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்து எழுத்தில் தந்தார். ஆனால் எழுத்து, பாடியவரின் குரலைத் தாங்காது. குரலைத் தாங்குவது நாடா ஒன்றே.

படத்தைக் காதாற் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. ஊவாவின் தோட்டங்களில், திருவிழாவுக்கும் திருமணத்திற்கும் ஒலிபெருக்கி கட்டித் திரைப்படக் கதைவசனத்தை ஒலிக்கச் செய்த காலத்தை மூத்தோர் நன்கு அறிவர். படமே பாராத பிள்ளைகளும் வசனத்தை ஒப்புவித்தனர். அக்காலத்துக் கசெட்டுகள் பதுளை, பசறை, மொனராகலைப் பகுதி வீடுகளில் இன்றும் தகரப் பெட்டிகளுட் கிடக்கின்றன. அவற்றோடு மாசி மாதத்துக் காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் பதிந்த நாடாக்களும் இருக்கக்கூடும். இந்தியாவுக்குப் போய்விட்ட உறவினர் பேசி அனுப்பிய குரலும் இருக்கலாம்.

அவற்றைக் காக்கும் முறை கடினமன்று. நாடாவின் மேலுள்ள துகள்களைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சினால் இளகும், பூஞ்சணமும் பிடிக்கும். ஆகவே மழைக்காலத்து ஈரமும் வெயிலின் வெப்பமும் படாத இடத்தில், நிமிர்த்தி, ஒலிபெருக்கியின் காந்தத்திற்கு அப்பால் வைத்தல் வேண்டும். யார் குரல், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை மூத்தோரிடம் இன்றே கேட்டு எழுதி ஒட்டுங்கள். பூஞ்சணம் பிடித்ததைச் சுத்தஞ் செய்யாது ஓடவிடாதீர்கள். பின்னர் கணினியிற் பிரதி செய்து, இரண்டு வீடுகளில் இரண்டு பிரதிகளை வையுங்கள். தாமதம் ஆகாது. வீடியோ நாடாவை ஓட்டும் கருவியை ஆக்கிவந்த கடைசி ஜப்பானிய நிறுவனமும் 2016 ஆம் ஆண்டில் அத்தொழிலை நிறுத்திவிட்டது. நாடா இருந்தும் கருவி இல்லாத நிலை, பூட்டு இருந்தும் திறப்பு இல்லாத நிலையை ஒக்கும்.

மூன்று எச்சரிக்கைகளும் கூறவேண்டும். முதலாவது, பிறர்க்கு உரிமையான ஆக்கத்தைப் பாதுகாப்பது வேறு. விற்றுப் பொருளீட்டுவது வேறு. இங்கிலாந்தின் இரசிகர்கள் தாம் காத்தவற்றை உரியவரிடமே ஒப்படைத்தனர். அந்நிறுவனமும் அவற்றை நன்றியோடு ஏற்று வெளியிட்டது. இரண்டாவது, தன்னிடம் மட்டுமே இருக்கவேண்டும் என்று பூட்டி வைப்பவன் காவலன் ஆகான். அவன் வீட்டுக் கறையானுக்கும் அவனுக்கும் வேற்றுமை சிறிதே. மூன்றாவது, இக்காலக் கணினி மங்கிய படத்திற்கு வண்ணமும் இல்லாத முகத்திற்குத் தெளிவும் தானே கற்பித்துத் தரவல்லது. அதனைச் செய்து பார்ப்பதிற் குற்றமில்லை. ஆனால் கீறலோடும் இரைச்சலோடும் கூடிய மூலப் பிரதியைத் தொடாது வைத்தல் வேண்டும். ஏட்டிலுள்ள பாடத்தைத் தம் விருப்பப்படி திருத்தி, ஏட்டையும் எறிந்துவிடும் பதிப்பாசிரியரை யார் மன்னிப்பர்?

மாணவர்களே, இது பெரும் பொருள் வேண்டும் பணியன்று. பட்டமும் பதவியும் வேண்டும் பணியுமன்று. ஒலிவாங்கியைப் பெட்டியின் முன்னே பிடித்துக்கொண்டிருந்த சிறுவர்களுக்குத் தாம் வரலாற்றைக் காக்கின்றோம் என்பது தெரியாது. தமக்குப் பிடித்த ஒன்றை அவர்கள் இழக்க விரும்பவில்லை, அவ்வளவே. அடுத்த விடுமுறை நாளில் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாட்டியையும் அருகில் இருத்திக்கொள்ளுங்கள். எது யார் குரல் என்று சொல்ல அவர் இருக்கும்போதே அதனைச் செய்துவிடுதல் நலம்.