திருப்தியா தாத்தா?

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு ஃபார்ம் நீட்டுறாங்க இல்லையா, 'எங்கள் சேவை திருப்தியா'ன்னு? அதை நிரப்புறது பெரும்பாலும் மகனோ மருமகளோதான். படுத்துக் கிடந்தவரைக் கேட்டாலும் "தங்கமான பிள்ளைங்கப்பா"ன்னுதான் சொல்வார். அடுத்த தடவையும் அதே வார்டுக்குத்தானே வரணும்!

முதியோருக்குன்னு ஒண்ணுமே செய்யலைன்னு சொல்ல வரல. சென்னை ஜி.ஹெச்.சில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978லேயே தனிப் பிரிவு தொடங்கிட்டார். கிண்டியில் 200 படுக்கையோட முதியோர் மருத்துவமனையே 2024ல் வந்தாச்சு. (நடுவுல 46 வருஷம்ங்கிறது வேற கதை.)

என் கட்சி இதுதான்: 'திருப்தியா'ன்னு கேக்காதீங்க. ராத்திரி பாத்ரூம் போக யார் கைபிடிச்சாங்க, டாக்டர் உங்ககிட்ட பேசினாரா, இல்ல மகன்கிட்ட மட்டும்தானான்னு கேளுங்க. அதுவும் மகன் கேன்டீனுக்குப் போன நேரமாப் பார்த்து.