ஆலோசகர் யாருடைய ஆள்?

ஒரு நிறுவனம் தள்ளாடத் தொடங்கியதும் "நிபுணர் ஒருவரை அழைப்போம்" என்ற குரல் எழுவது இயல்பு. கூட்டுறவுச் சங்கமாயினும் அரசாங்கத் திணைக்களமாயினும் வெளியார் அறிவைப் பெறுவதில் இழிவு எதுவுமில்லை. ஆனால், முகாமைத்துவ ஆலோசகரைத் தெரிவு செய்வோர் அவருடைய பட்டங்களைக் கண்டு மயங்குகின்றனரேயன்றி, அவர் யாருடைய ஆள் என்று கேட்பதில்லை. கேட்கத் தவறியோர் கொடுத்த விலை சிறிதன்று.

தென்னாபிரிக்காவை நோக்குங்கள். அந்நாட்டின் இறைவரிச் சேவை பலராலும் மதிக்கப்பட்ட நிறுவனம். 2015ஆம் ஆண்டில் அதனைச் சீரமைக்கவென்று பெய்ன் என்னும் ஆலோசனை நிறுவனம் அமர்த்தப்பட்டது. விளைவு? பெருங் கம்பனிகளின் வரியைக் கவனித்த பிரிவு கலைக்கப்பட்டது; அனுபவம் மிக்க அதிகாரிகள் ஒதுக்கப்பட்டனர். 2018இல் நீதிபதி நியூஜென்ற் ஆணைக்குழு ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. புதிய ஆணையாளர் நியமனம் பெறுமுன்னரே பெய்ன் நிறுவனத்தார் அவரையும் ஜனாதிபதி சூமாவையும் சந்தித்திருந்தனர். நோயாளியைச் சோதிக்குமுன்பே அறுவைக்கு நாள் குறித்தாயிற்று! பெற்ற கட்டணத்தை அந்நிறுவனம் வட்டியுடன் திருப்பிக் கொடுத்தது. குலைந்த நிர்வாகத்தைத் திருப்பிக் கொடுப்பவர் யார்?

அமெரிக்காவில் நடந்தது வேறொரு வகை. மருந்துகளைக் கட்டுப்படுத்தும் அரசாங்க நிர்வாகத்துக்கும், அபின் இன வலிநிவாரணிகளை விற்ற பேர்டியூ முதலிய கம்பனிகளுக்கும் ஆலோசனை கூறியது மக்கின்சி என்னும் ஒரே நிறுவனம். இருதரப்புக்கும் பணிபுரிந்த ஆலோசகர் குறைந்தது 22 பேர் என்று 2022இல் கீழ்ச்சபைக் குழுவின் அறிக்கை கூறிற்று. பேர்டியூ விவகாரத்தைத் தீர்க்க 65 கோடி டொலர் செலுத்த 2024இல் அந்நிறுவனம் இணங்கியது. வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே சட்டத்தரணி தோன்றினால் நீதிமன்றம் பொறுக்குமா? நீதிமன்றம் பொறுக்காததை நிர்வாக சபைகள் ஏன் பொறுக்க வேண்டும்?

ஆகவே, ஆலோசகரைத் தேடுமுன் நமது குறை இன்னதென்று நாமே ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்வோம். கேள்வியையும் அவரே எழுதினால் விடை அவருக்குச் சாதகமாகவே அமையும். வேறு எவருக்கெல்லாம் பணிபுரிகின்றார் என்பதைக் கையொப்பமிட்டுத் தரச் செய்வோம். பேச வருபவர் ஒருவர், வேலை செய்ய வருபவர் வேறொருவர் என்ற நிலை வேண்டாம். வேலை செய்வோரின் பெயர்கள் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். முடிவுத் திகதியும் அதிலிருக்கட்டும்; கட்டணம் கட்டங்கட்டமாக, முடிந்த வேலைக்கே வழங்கப்படட்டும். அவர் விடைபெறும்போது நமது ஊழியர் அவ்வேலையைக் கற்றிருக்க வேண்டும். இல்லையேல் அவர் மறுபடியும் வருவார், கட்டணமும் மறுபடியும் வரும்.

இவை அவநம்பிக்கையின் சொற்களல்ல. நேர்மையான ஆலோசகர் இந்நிபந்தனைகளை மகிழ்ந்து ஏற்பார். ஏற்க மறுப்பவரை வாசலிலேயே வழியனுப்புதல் நன்று. செலவாகப்போவது அங்கத்தவர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அறிக்கை தவறினால் ஆலோசகர் அடுத்த ஊருக்குப் போவார். பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர்கள் நாமே.