சூளைக்காரர் பெயரையும் போடுங்கள்



புதுச்சேரி மட்பாண்டக் கலை என்றதும் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நியாயம்தான். அடில் ரைட்டர், வினீத் கக்கர் என்று இன்று பேர்பெற்ற கலைஞர்கள் பலர் மீக்கரிடம் பயின்றவர்கள்.

ஆனால் இப்படிப்பட்ட பட்டறைகளில் தினமும் வேலை பார்க்கிறவர்களைப் பற்றி நாம் படிப்பது மிகக் குறைவு. எனக்கு இது பெரிய மனக்குறை. மெருகுக் கரைசலில் முக்கியெடுத்த கோப்பையின் அடியை ஈரப் பஞ்சால் ஒருவர் துடைக்கிறார். துளி விட்டுப்போனாலும், ஏறத்தாழ 1,300 டிகிரி சூட்டில் மெருகு உருகிக் கண்ணாடியாகி, கோப்பை சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மண்ணில் காற்று நிற்காமல் பிசைபவர், புகைபோக்கியில் கரும்புகை அடங்குவதைப் பார்த்து அடுத்த விறகைத் தள்ளுபவர் எல்லாம் இதே ரகம். புதிதாக வரும் மாணவர்கள் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வது பாதி என்றால், இவர்கள் கையைப் பார்த்துக் கற்பது மீதி. அந்த வகையில் இவர்களும் வாத்தியார்கள்தான்.

கண்காட்சிக் கையேடுகளில் கலைஞர் பெயருக்குக் கீழே இவர்கள் பெயரும் வர வேண்டும். அடுத்த முறை நிருபரைப் பட்டறைக்கு அனுப்பும்போது, மண் பிசைபவரோடும் சூளைக்காரரோடும் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். பெயரோடு, படத்தோடு வெளியிடுங்கள்.

ஒரு வாசகர்,
கடலூர்